வாங்கும் பாயும்

கல்வியைப் பற்றி எழுதாதவர் நம்மிடையே மிகச் சிலர். பாடத்திட்டம் மாறினால் கட்டுரை வருகிறது. பரீட்சை முடிவு வெளியானால் கட்டுரை வருகிறது. ஆசிரியர் இடமாற்றம் என்றால் கண்டனக் கூட்டமே நடக்கிறது. ஆனால், ஐந்து வயதுக் குழந்தை முதல் நாள் பாடசாலைக்குள் கால் வைத்ததும் எங்கே உட்காரப் போகிறது, அதன் கண்மட்டத்தில் என்ன இருக்கப் போகிறது, அதன் கை எட்டும் தூரத்தில் ஒரு புத்தகமாவது உண்டா என்பன பற்றி எழுத முன்வருவோர் அரியர். இது பயிற்சிக் கலாசாலைக் குறிப்பேட்டுக்குரிய சில்லறை விஷயம் என்று ஒதுக்கப்படுகிறது. எழுதுவோரும் ‘வகுப்பறை அலங்காரம்’ என்ற தலைப்பிலேயே எழுதுகின்றனர். வண்ணக் காகிதம், பூமாலை, எழுத்து அட்டை, சுவரெங்கும் பொன்மொழி! அறையை அழகுபடுத்துவது நல்லதே. ஆயினும் அழகுபடுத்திய அறைக்குள்ளும் கடைசி வாங்கு கடைசி வாங்காகவே கிடக்கிறதே, அதை என்ன செய்வது?

வகுப்பறையின் ஒழுங்கு என்பது தளபாடங்களின் ஒழுங்கு மட்டுமல்ல. யார் முன்னே, யார் பின்னே, யார் உயரத்தில், யார் தரையில் என்று சமுதாயம் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கும் வரிசை அங்கே மரத்திலும் சுவரிலும் மறுபிரசுரம் பெறுகிறது. இதை மறந்து வகுப்பறையைப் பற்றிப் பேசுவது, நிலத்தை மறந்து விவசாயத்தைப் பற்றிப் பேசுவதை ஒக்கும்.

வரிசையாக வாங்குகளைப் போட்டுப் பிள்ளைகளை ஒரே திசையை நோக்க வைக்கும் முறை எங்கிருந்து வந்தது? அதன் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டார். அந்த முறையைத் தம் காப்பகத்தில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அத்தகைய முறையை இலண்டனில் நடத்தினார். ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவருடைய பெருமை. நீண்ட மண்டபம், மேடைமேல் ஆசிரியர், அவரை நோக்கிய வாங்கு வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை, மிக இளைய பிள்ளைகளுக்கு முன்னே ஒரு மணல் மேசை. நம் திண்ணையின் மணல் அங்கே மேசையேறிவிட்டது! ஆனால் திண்ணையில் வேறொன்றும் இருந்தது: ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தன் பாடத்தைப் படித்தது. ஆயிரம் பிள்ளைகளை ஒரே அடியில் நகர்த்தும் மண்டபத்தில் அதற்கு இடமில்லாது போயிற்று. ஆலைக்கு ஆள் தேவைப்பட்ட நாட்டில் அந்த மண்டபம் செழித்ததில் வியப்பில்லை. பின்னர் அது பேரரசின் பாதை வழியே நம்மிடம் திரும்பி வந்தது. கொடுத்ததை அடையாளம் தெரியாத உருவில் திரும்பப் பெற்றோம்.

திண்ணையைப் போற்றிப் பாட நாம் இங்கு வரவில்லை. அந்தத் திண்ணையில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் இருக்கவில்லை என்பதை யார் மறுக்க முடியும்? யாழ்ப்பாணத்தின் ‘சமாசன’ப் போராட்டத்தை இங்கே நினைவுகூராமல் மேலே செல்வது நேர்மையாகாது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் உயர்சாதிப் பிள்ளை வாங்கிலும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை தரையிலும் இருத்தப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1920களின் இறுதியில் அரசாங்கக் கல்விப் பகுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் வழங்கவேண்டும் என்று பணித்தபோது எழுந்த எதிர்ப்பு சாமானியமானதல்ல. பாடசாலைகள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் போன்ற இயக்கங்கள் சமத்துவத்தின் பக்கம் நின்று அந்த நாட்களில் பெரும் பகையைத் தேடிக்கொண்டன. ஒரு பலகை வாங்குக்காகக் கட்டடத்தையே கொளுத்தத் துணிந்தவர்களுக்குத் தளபாடத்தின் பொருள் நம் கல்வியியலாளரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே, ‘பிள்ளைகளைத் தரையில் பாய் விரித்து இருத்துங்கள், அதுவே இயல்பு’ என்று நவீனக் கல்வியாளர் ஒருவர் உபதேசிக்கும்போது, தரையில் இருத்தப்பட்டவரின் பேரன் சற்றே தயங்குவது நியாயமே. பாயும் வாங்கும் தம்மளவில் நல்லவையுமல்ல, தீயவையுமல்ல. எல்லாரும் பாயில் இருக்கிறார்களா, ஆசிரியரும் அதில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு அண்மைக் காலத்தில் ஒரு விடையளித்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட ‘செயல்வழிக் கற்றல்’ முறையையே குறிப்பிடுகிறோம். ஆந்திரத்தின் ரிஷிவேலியில், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான அட்டைமுறையே அதன் மூலம். அந்த வகுப்பறையைப் பார்த்தவர் முதலில் காண்பது மேசையில்லாமையை. நான்கு வகுப்புப் பிள்ளைகளும் கலந்து பாய்களில் வட்டமாக இருக்கின்றனர். ஆசிரியரும் அவர்களுடன் பாயில். சுவரைச் சுற்றிலும் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்குகின்றன. வருகையைப் பிள்ளையே பதிகிறது. பாடம் ஓர் ஏணியாக வகுக்கப்பட்டு, எந்தப் படியில் தான் நிற்கிறது என்பதைப் பிள்ளையே சுவரில் பார்த்துத் தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்கிறது. பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்ததும், விட்ட படியிலிருந்து தொடங்கலாம். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறென்ன வேண்டும்?

கரும்பலகை இரண்டடி கீழிறங்கியது என்பதை நாம் சாதாரண விஷயமாகக் கொள்ளவில்லை. அதுவரை கரும்பலகை ஆசிரியரின் உடைமை. தண்டனைக்காகவோ புகழ்ச்சிக்காகவோ அழைக்கப்பட்டாலன்றிப் பிள்ளை அதைத் தொட முடியாது. அது கீழிறங்கியபோது எழுதும் உரிமை கை மாறியது. இந்த ஒன்றுக்காகவே அம்முறையை வகுத்தவர்களை வரலாறு வாழ்த்தும்.

எனினும் விமர்சகன் வாழ்த்தோடு நின்றுவிடலாகாது. ஒரு சிற்றூரில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து பல ஆண்டு பழகி உருவாக்கிய முறை, ஒரே ஆணையில் பல்லாயிரம் பள்ளிகளுக்கு இறங்கியபோது அதன் உயிர் அட்டையில் மட்டும் தங்கிவிடும் ஆபத்து இருந்தது. அட்டையைத் தயாரித்தவர் வேறு, கையாண்டவர் வேறு. அட்டை கிழிந்தால் புதியது வரக் காத்திருக்க வேண்டும். பிள்ளை கேட்கும் கேள்வி ஏணியில் இல்லையெனில் ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்த திட்டம் ஆசிரியருக்கு அதைக் கொடுக்க மறந்தது. பிற்காலத்தில் அம்முறை எளிமையாக்கப்பட்டும் மாற்றப்பட்டும் வந்ததற்கு அதிகாரிகளின் மனமாற்றம் மட்டும் காரணமன்று.

இங்கே குஜராத்தியக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் ‘பகற்கனவு’ நினைவுக்கு வருகிறது. 1930களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்நூலில், நான்காம் வகுப்பொன்றை ஓராண்டுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர், மொன்தெசோரி நூல்களில் படித்த மௌன விளையாட்டை முதல் நாளிலேயே நடத்திப் பார்க்கிறார். பிள்ளைகள் கூச்சலிட்டு அதைக் குலைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவரைச் சுற்றித் தானே கூடிவிடுகிறது. இருக்கையை அவர் மாற்றவில்லை; கதை மாற்றிவிட்டது. இந்தப் பகுதிக்காக அந்நூலை ஒவ்வோர் ஆரம்ப ஆசிரியரும் படிக்க வேண்டும். ஆனால் அந்த ஆசிரியர் தம் விருப்பத்தின்பேரில் பரிசோதனைக்கு வந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளத்தை நம்பி, இரண்டு பேருந்து மாறி வருகிற ஆசிரியையின் பிரச்னைகள் அவருக்கு இல்லை. 1859இல் யாஸ்னயா பொல்யானாவில் தம் குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய தோல்ஸ்தோயும், பிள்ளைகள் வாங்கிலோ மேசையிலோ ஜன்னல் விளிம்பிலோ விரும்பிய இடத்தில் இருந்ததைப் பெருமையுடன் எழுதினார். வீடு பிரபுவினுடையது, ஆகவே ஜன்னல் விளிம்பு அகலமாயிருந்தது. இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமப் பையன்கள் எட்டுப் பேர் 1967இல் தம் ஆசிரியைக்கு எழுதிய கடிதநூலே இவ்விரண்டும் விட்ட இடத்தை நிரப்பியது. இடைநடுவில் பள்ளியைவிட்டு விலகுவோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைத் தந்தையரின் தொழிலை வைத்தே அட்டவணை போட்டுக் காட்டினார்கள் அவர்கள். இம்மூன்றிலும் நமக்கு நெருங்கியது அந்தக் கோபமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993இல் இலவசச் சீருடை வந்தது. 1999இல் நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்தது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூவகையாகக் கற்றலைப் பகுத்து, தரம் 1, 2இல் விளையாட்டுக்கு முதன்மை கொடுத்து, தரம் 5ஐ நோக்கிச் செல்லச் செல்ல மேசை வேலையைக் கூட்டியது. காகிதத்தில் இது குறை சொல்ல முடியாத திட்டம். மேசைகள் சேர்க்கப்பட்டுக் குழுக்களாயின. பல பாடசாலைகளில் வாசிப்பு மூலையும் கடை மூலையும் தோன்றின.

ஆனால் தரம் 5இன் வாசலில் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறதே! ஏழைப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்கு ஏற்றிவிடும் ஏணியாகக் கருதப்பட்ட அப்பரீட்சை, நாளடைவில் வடிகட்டும் இயந்திரமாயிற்று. அதன் நிழல் தரம் 3 வரை நீள்கிறது. குழுவாக இருந்த மேசைகள் மீண்டும் வரிசையாகின்றன. ‘சித்தியடையக்கூடியவர்’ முன்னே வருகிறார், மற்றவர் சுவரோரம். கடை மூலையில் மாதிரி வினாத்தாள்க் கட்டுகள் குவிகின்றன. பெற்றோரையோ ஆசிரியரையோ நாம் குற்றம் கூறவில்லை. நல்ல பாடசாலை அருகில் இல்லாத ஊரில் அந்த ஒரு வாசலை எவர்தான் மூடுவார்? எல்லா ஊர்ப் பாடசாலைகளும் சமமாகும் வரை அந்த வரிசை கலையாது.

இதை ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கல்முனைக்கு மேற்கே, களப்பைக் கடந்து, கிட்டங்கித் தாம்போதி வழியாகச் சென்றால் நாவிதன்வெளியும் சவளக்கடையும் வருகின்றன. கிழக்கே கடற்கரை நெடுக மீனவரும் நெசவாளரும் வணிகரும் வாழும் நெருக்கமான ஊர்கள், இங்கே வயல்வெளி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரும் குடியேற்றமும் இப்பகுதியின் உருவத்தை மாற்றின. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்காலின் இருமருங்கிலும் வெள்ளாமை செய்கிறார்கள். அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டபோது பிறந்த நிர்வாகச் சிக்கல்களை இங்கே விவரிக்க இடமில்லை.

இப்பகுதியில் தரம் 1 வகுப்பறையொன்றை அமைக்க முற்படும் ஆசிரியருக்கு, கொழும்பில் அச்சான கைந்நூலைவிட வாடைக்காற்றும் கச்சானும் முக்கியமானவை. பாடசாலை ஆண்டு வழமையாக ஜனவரியில் தொடங்குகிறது. கொரோனாவுக்குப் பின்னர் சில ஆண்டுகள் பிந்தியதுண்டு. ஜனவரி இங்கே வாடைக்காலம். அரைச்சுவர்க் கட்டடத்தில் வடகிழக்குப் பக்கத்துச் சாரல் உள்ளே விழும். அந்தப் பக்கத்து வாங்கு நனையும். பிந்தி வரும் பிள்ளைக்கு அந்த வாங்கே மிஞ்சும். தூரத்திலிருந்து நடந்து வருவதால்தான் அது பிந்தி வருகிறது! ஆகவே முதல் வேலை, வடகிழக்குச் சுவரோரத்தை இருக்கைக்கு விடாமல் கை கழுவும் இடத்துக்கும் குடை வைக்கும் இடத்துக்கும் ஒதுக்கிவிடுவது. புத்தகத் தட்டின் அடித்தட்டு வெள்ளத்துக்கு முதற்பலி. 2011 ஜனவரியில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடித்தட்டில் கட்டைகளும் சிரட்டைகளும் இருக்கட்டும்; புத்தகம் பிள்ளையின் தோள் மட்டத்தில் இருக்கட்டும். கரும்பலகையை இரு திறப்புகளுக்கு நடுவே மாட்டினால் எதிர்வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாது. தெரியாத பிள்ளை மந்தம் என்று பெயர் வாங்கும். வைகாசிக்குப் பின் கச்சான் வீசும்போது தகரக் கூரையின் கீழ் நண்பகலில் எழுத்துவேலை கொடுப்பது கொடுமை. அந்த நேரத்துக்கு மரநிழலும் கதையும் போதும்.

சுவர்கள் இல்லாத நீள் மண்டபத்தில் மூன்று தரங்கள் நடக்கும்போது ஒரு வகுப்பின் ஓசை மற்றொரு வகுப்பின் இடைஞ்சல். மூன்று ஆசிரியர்களும் ஒரே வேளையில் கதை சொல்லாமல் நேரசூசியை மாற்றி வைத்தாலே பாதிக் கூச்சல் அடங்கும். தட்டியொன்றை இடையில் நிறுத்தி அதன் இருபுறமும் கறுப்புப் பூசினால் இரு வகுப்புகளுக்கும் கீழ்மட்டப் பலகை கிடைக்கும். தரைக்குப் பன்பாய் வேண்டும். தாய்மாரிடம் இலவசமாக இழைத்து வாங்கிவிடும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூலி கொடுத்தே வாங்கட்டும். உழைப்பின் மகிமையைச் சுவரில் எழுதிவிட்டு, அதே சுவரின் கீழ் இலவச உழைப்பை விரிப்பது பொருந்தாது.

‘கால்கோள் விழா’ என்ற பெயரில் நடப்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். தரம் 2 பிள்ளைகள் புதியவர்களைக் கைபிடித்து அழைத்து வருவது மிக அழகான ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் அதிதிகளின் உரை முடிய இரண்டு மணி நேரமாகிறது. காகிதக் கிரீடம் வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்ட, குழந்தை தூங்கிவிடுகிறது. முதல் நாளிலேயே பாடசாலை என்பது பெரியவர் பேசுவதை அசையாமல் கேட்கும் இடம் என்று அது கற்றுக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு நல்ல ஆசிரியர் சீர்செய்துவிடலாம். அவரால் சீர்செய்ய முடியாத ஒன்றுண்டு. இப்பகுதியில் தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு. ஒரே தமிழ், ஒரே கணிதப் புத்தகம். விடுமுறை நாட்காட்டிகூட வேறு. 1985இலும் 1990இலும் இப்பிரதேசத்தின் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட காயங்களுக்குப் பின் இந்தப் பிரிவு மேலும் இறுகியது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையில் கற்றவர். 1942இல் கல்முனையில் அவசரகால உதவி அரசாங்க அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். 1945இல் எழுந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அதுவே முன்னோடி. ஒருவர் துறவி, மற்றவர் அதிகாரி. இருவருக்கும் இக்கரையின் ஏழைப் பிள்ளைகளே கவலை. அவர்களின் பெயரால் விழா எடுக்கும் நாம், ஐந்து வயது ஃபாத்திமாவும் ஐந்து வயது கவிதாவும் ஒரே பாயில் இருந்து ‘அம்மா’ என்று எழுதப் பழகுவதற்கு எத்தனை ஊர்களில் வழி செய்திருக்கிறோம்? தனிப் பாடசாலைகள் எழுந்ததற்கு வரலாற்று நியாயம் இருந்தது. புறக்கணிக்கப்பட்ட சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே கூரை தேடிக்கொண்டது. அந்த உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் அயலிலுள்ள இரு பாடசாலைகளின் தரம் 1 வகுப்புகள் மாதம் ஒருமுறை ஒன்றின் கூரையின்கீழ் கூடிக் கதை கேட்பதற்கு எந்தச் சட்டம் தடையாக இருக்கிறது? சுவரில் தொங்கும் படங்களில் பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே வரையப்பட்டிருக்கும்; படம் பார்க்கும் பிள்ளைகளை மட்டும் அருகருகே இருத்த மாட்டோம்!

கடைசியாகப் பாதை. வகுப்பறை வாசற்படியில் தொடங்குவதில்லை. தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும் நாட்களில் கல்முனைப் பக்கத்திலிருந்து வரும் ஆசிரியர் வர முடியாது. வயற்புறத்துப் பிள்ளையும் வராது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், விடுமுறைக்கு வீடு திரும்பிய மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் மாண்டனர். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாயும் மழை நாளில் பிள்ளையைத் தாம்போதிக்கு அப்பால் அனுப்பத் துணியமாட்டாள், துணியவும் கூடாது. உயரமான பாலமும் மழைக்காலத்துக்கென ஒழுங்கான வாகனமும் கேட்பது கல்விக் கோரிக்கையே. ஆசிரியர் சங்கங்கள் அதைச் சம்பளக் கோரிக்கையின் அருகில் எழுத வேண்டும்.

அது வரும்வரை, வரவு இடாப்பில் சிவப்பு மையால் கோடிடுவதில் பயனில்லை. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடைக்குக் குடும்பத்தோடு வாடிக்குப் போகும் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் அட்டவணையொன்றைத் தரம் 1, 2 ஆசிரியர்கள் மழைக்கு முன்னரே சுவரில் வரைந்து வைக்கலாம். வெள்ளம் வடிந்த பின் வரும் முதல் கிழமையில் புதிய பாடம் தொடங்காமல், வந்திருந்த பிள்ளைகளை வராதிருந்த பிள்ளைகளோடு இருவர் இருவராகப் பாயில் இருத்தி, விட்ட இடத்தை அவர்களே சொல்லிக்கொடுக்க விடலாம். பெல் பாதிரியார் எழும்பூரில் கண்டு வியந்ததும் அதைத்தான். அதற்கு மேடையும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்.